கூண்டு கட்டிய மூன்று சக்கர சைக்கிள்: நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் நாமே செய்துகொள்வது

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எட்டு பத்து கிலோமீட்டர் மிதித்து வேலைக்குப் போக மனசும் உடம்பும் இருக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடுவது வானிலை. மார்ச்சில் தொடங்கும் வெயில், மே மாதச் சாயங்காலங்களில் புழுதிக் காற்றோடு வரும் இடிமழை, செப்டம்பர், அக்டோபரில் விட்டுவிட்டுக் கொட்டும் மழை, ஓசூர்ப் பக்கம் போனால் காலைப் பனியும் நசநசவென்ற தூறலும். மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் இதில் எதிலிருந்தும் தப்பிக்க முடியாது. மிதிக்கிற வண்டிக்கே ஒரு கூரை இருந்தால் முடியும்.

இதை வெளிநாட்டில் ரொம்ப காலமாகச் செய்கிறார்கள். பிரான்சில் சார்லஸ் மோஷே என்பவர் தன் மகனுக்காக ஒரு சின்ன மிதி கார் செய்து, அதிலிருந்து பெரியவர்களுக்கான ‘வெலோகார்’ வண்டிகளை 1930களில் விற்றார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காத காலத்தில் அவற்றுக்கு நல்ல கிராக்கி. 1980களில் டென்மார்க்கில் ‘லைட்ரா’ வந்தது. அப்புறம் நெதர்லாந்தில் இது ஒரு சிறு தொழிலாகவே வளர்ந்தது. இந்த வகை வண்டிக்குப் பொதுப்பெயர் வெலோமொபைல். ஆனால் அந்த வண்டிகள் எல்லாம் குளிருக்காகப் பிறந்தவை. ஆளைச் சுற்றி இறுக்கமாக மூடி, உள்ளே சூடு தங்கும்படி செய்திருப்பார்கள். அந்த வரைபடத்தை அப்படியே எடுத்து ஏப்ரல் மாதம் ஊத்தங்கரையில் ஓட்டினால் மயக்கம்தான் வரும். நம்ம ஊரில் கூண்டுக்கு முதல் வேலை நிழல், இரண்டாவது வேலை காற்று, மூன்றாவதுதான் மழை. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

மோட்டார் பற்றி இங்கே ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறேன். மிதிக்கிற வண்டிக்குப் பதிவு வேண்டாம். மோட்டார் பொருத்தினால் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்பு வருகிறது. அதற்குள் இருக்கிற வண்டியும் சோதனை நிலையத்தில் ஒப்புதல் வாங்கிய மாடலாக இருக்க வேண்டும். வீட்டில் செய்த வண்டிக்கு அது பெரிய அலைச்சல். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க மிதிவண்டி பற்றியது.

முதலில் உங்கள் பாதையைப் பாருங்கள்

இரும்பு வாங்குவதற்கு முன்னால் வீட்டிலிருந்து வேலைக்குச் சாதாரண சைக்கிளில் ஒருமுறை போய் வாருங்கள். எங்கே இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது, எங்கே லாரி உரசுகிறது, எங்கே வேகத்தடை உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி நகரத்துக்குள், ஓசூரில் குடியிருப்பிலிருந்து சிப்காட் போன்ற பாதைகளுக்கு இந்த வண்டி சரிப்படும். கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை ஏறி சூளகிரி போகிறவர்களுக்குச் சரிப்படாது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் ஏறக்குறைய 400 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கிறது. தொப்பூர் கணவாய் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரிய லாரிகளே பிரேக் பிடிக்காமல் தடுமாறுகிற இறக்கம் அது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் நடுப்பாதையிலும் இந்த வண்டியை ஏற்றாதீர்கள். சர்வீஸ் ரோடு, பழைய ஊர்ச் சாலை, ஏரிக்கரைச் சாலை இவைதான் இதற்கு இடம்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் இருப்பவர்கள் அந்தி சாய்ந்த பிறகு காட்டுச் சாலையில் இதை எடுக்கக் கூடாது. யானை நின்றால் சட்டென்று திரும்பி ஓட்டவும் முடியாது, குதித்து இறங்கவும் முடியாது.

இரண்டு சக்கரம் முன்னாலா, பின்னாலா?

தண்ணீர் கேன் போடுகிற வண்டி மாதிரி பின்னால் இரண்டு சக்கரம் வைப்பது செய்வதற்குச் சுலபம். பழைய சைக்கிளின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வளைவில் பிரேக் பிடித்தால் எடை முழுவதும் ஒற்றை முன்சக்கரத்தின் மேல் சாய்ந்து வண்டி குப்புறச் சரியப் பார்க்கும். கூரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பதுதான் என் பரிந்துரை. பின்சக்கரம் ஒன்றுதான் என்பதால் செயின் வேலையும் சாதாரண சைக்கிள் போலவே இருக்கும்.

மூன்று சக்கர வண்டி சைக்கிள் போல வளைவில் சாயாது, அதனால் கவிழும். இதில் முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டித் தாழ்வாக உட்கார்ந்து மிதிப்போம். எவ்வளவு சுலபமாகக் கவிழும் என்பதை உட்காரும் உயரம்தான் தீர்மானிக்கிறது. முன்சக்கரங்களுக்கு இடையே 80 சென்டிமீட்டர், எடையில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டரில் இருந்தால், 8 மீட்டர் ஆரமுள்ள ஒரு தெருமுனையில் மணிக்கு 19 கிலோமீட்டரிலேயே உள்சக்கரம் தூக்கிவிடும். அதே மையத்தை 45 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 24 கிலோமீட்டர் வரை தாங்கும். இன்னும் தாழ உட்காரலாமே என்று தோன்றும். ஆனால் டவுன் பஸ் டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும். சீட்டு தரையிலிருந்து 35 முதல் 40 சென்டிமீட்டரில் இருப்பது இரண்டுக்கும் பொதுவான உயரம். முட்டி வலிக்காரர்களும் இந்த உயரத்திலிருந்து எழுந்துவிடலாம்.

சாமான்

பழைய இரும்புக் கடையில் ஒரே மாடலில் இரண்டு பிள்ளைகள் சைக்கிள் தேடுங்கள். 20 அங்குலச் சக்கரம், முன்னால் டிஸ்க் பிரேக், ஷாக் இல்லாத இரும்பு ஃபோர்க் (முன்சக்கரத்தை இரண்டு காலால் பிடிக்கிற கவை) இருக்க வேண்டும். பின்பாதிக்கு 26 அங்குலக் கியர் சைக்கிள் ஒன்று. ஃபோர்க், அதன் தண்டு சுழல்கிற குழாயான ஹெட் டியூப், முன்சக்கரம், பிரேக் எல்லாம் முதல் இரண்டிலிருந்தும், பின்சக்கரம், ஃபிரீவீல், கியர், பெடல் மாட்டுகிற கிராங்க் எல்லாம் மூன்றாவதிலிருந்தும் வந்துவிடும்.

ஏன் ஃபோர்க்கோடு எடுக்கச் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டு வரைபடங்களில் முன்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்குகிற அச்சில் மாட்டியிருப்பார்கள். அதற்கு 12 அல்லது 15 மில்லிமீட்டர் தண்டும் பேரிங்கும் வைத்து லேத்துப் பட்டறையில் தனி ஹப் கடைந்தெடுக்க வேண்டும். சாதாரண சைக்கிள் அச்சை அப்படி ஒற்றைப் பக்கம் தாங்கவிட்டால் முதல் பள்ளத்திலேயே வளையும். இரண்டு காலும் தாங்குகிற ஃபோர்க் இருந்தால் அந்தக் கவலை இல்லை. புதிதாகச் செய்கிறவர்களுக்கு இதுவே பத்திரமான வழி. சக்கரத்தை 28 அங்குலத்துக்குப் பெரிதாக்க வேண்டாம். சாயாத வண்டியில் வளைவின் முழு அழுத்தமும் ஸ்போக்ஸ் கம்பிக்குப் பக்கவாட்டில் வரும். பெரிய ரிம் சீக்கிரம் கோணும். சின்னச் சக்கரமே உறுதி. மாட்டுவதற்கு முன்னால் சைக்கிள் கடையில் கொடுத்து மூன்றுக்கும் கோட்டம் எடுத்துவிடுங்கள்.

குழாய் வாங்கும்போது கனத்தைக் கேட்டு வாங்குங்கள். 40க்கு 40 சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மீட்டர் சுமார் 2.4 கிலோ வரும். கிரில் பட்டறைக்காரர் உங்கள் மேல் உள்ள அக்கறையில் 3 மில்லிமீட்டர் போடலாம் என்பார். அதை ஒத்துக்கொண்டால் ஏற்றத்தில் ஒவ்வொரு நாளும் கூடுதல் இரும்பைச் சுமப்பீர்கள். நடுத்தண்டுக்கும் குறுக்குத்தண்டுக்கும் 2 மில்லிமீட்டர் போதும். கூண்டோடு மொத்த எடை 35 கிலோவைத் தாண்டக் கூடாது.

ஃபிரேமுக்கு முன் ஒரு ஒத்திகை

சுவரோரம் தரையில் ஒரு பலகை போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டுங்கள். கிராங்கை ஒரு கட்டையில் கட்டி எதிரே வைத்து மிதித்துப் பாருங்கள். பெடல் எட்டத்தில் இருக்கும்போது முட்டி முழுக்க நிமிரக் கூடாது, லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகுச் சாய்வு, தோள் அகலம், முட்டி எழும்புகிற உயரம், தலை உச்சி எல்லாவற்றையும் சுவரிலேயே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கூண்டின் அளவு இதிலிருந்துதான் வரப்போகிறது. வீட்டுக் கேட்டின் அகலத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். வண்டி செய்து முடித்த பிறகு அளந்தால் தெருவில்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

ஃபிரேம்

நடுத்தண்டு பெடலிலிருந்து பின்சக்கரம் வரை ஒரே நேர்கோடு. பின்முனையில் கியர் சைக்கிளின் பின் முக்கோணத்தை வெட்டி வெல்ட் செய்யுங்கள். முன்முனையில் கிராங்க் மாட்டுகிற துண்டை நேரடியாக வெல்ட் வைக்காமல், கொஞ்சம் பெரிய சதுரக் குழாய்க்குள் நுழைந்து போல்ட்டில் இறுகும்படி வையுங்கள். வீட்டில் வேறு உயரத்தில் இருப்பவரும் ஓட்டலாம்.

குறுக்குத்தண்டு தொடைக்கு அடியில், தரையிலிருந்து 28 சென்டிமீட்டர் போலப் போகட்டும். அதன் இரு முனையிலும் செங்குத்தாக ஒரு தூண் எழுப்பி, அந்தத் தூணின் தலையில் ஹெட் டியூபை வெல்ட் செய்ய வேண்டும். தூணும் குறுக்குத்தண்டும் சேர்கிற மூலையில்தான் வளைவின் முழு வலிப்பும் விழுகிறது. அங்கே இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு வைக்காமல் விடாதீர்கள். ஹெட் டியூப் முன்னாலிருந்து பார்த்தால் நேராக நிற்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால், பழைய சைக்கிளில் எவ்வளவு பின்னால் சாய்ந்திருந்ததோ அதே சாய்வு இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்பே அந்தச் சாய்வை அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியதில்லை. இரண்டு ஹெட் டியூபும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று நீளமான இரண்டு கம்பிகளைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் முழு வெல்ட் ஓட்ட வேண்டும். முதலில் புள்ளி வெல்ட் மட்டும்.

ஸ்டியரிங்

இந்த வண்டியில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வளையும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடும். இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரும். மிதிக்கக் கனக்கும், டயர் சில மாதத்தில் போய்விடும்.

அதனால் உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்பும்படி செய்ய வேண்டும். இதற்கு ஆக்கர்மேன் முறை என்று பெயர். கார்களிலும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு ஃபோர்க்கின் உள்காலிலும் பின்னோக்கி 12 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு இரும்புப் பட்டையை வெல்ட் வையுங்கள். வலப்பக்கச் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வுகிற பிரேக் காலிப்பர் உள்காலிலேயே வரும் என்பதால் அதற்கு இடம் விட்டு, காலிப்பருக்கு மேலே வையுங்கள். இடப்பக்கமும் அதே உயரத்தில் இருக்கட்டும். பட்டையின் திசையை எப்படிப் பிடிப்பது? ஹெட் டியூப் அச்சின் நேராக ஒரு நூலைக் கட்டி, பின்சக்கர அச்சின் நடுப்புள்ளிக்கு இழுங்கள். மேலிருந்து பார்க்கையில் பட்டையின் நுனியில் உள்ள துளை அந்த நூலின் மேல் விழ வேண்டும். இரண்டு பக்கமும் அப்படி விழுந்தால் கணக்கு சரி.

இரண்டு பட்டைகளையும் பால் ஜாயிண்ட் (எந்தப் பக்கமும் அசைகிற மூட்டு) வைத்த ஒரு கம்பியால் இணையுங்கள். கம்பியின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை இருந்தால் கழற்றாமலே நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ரிம்மின் முன்விளிம்புகளுக்கு இடையேயும் பின்விளிம்புகளுக்கு இடையேயும் அளந்து பாருங்கள். முன்னால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்கலாம். அதற்கு மேல் போகக் கூடாது. ஹேண்டில்பாரைச் சீட்டுக்கு அடியில் சுழலும்படி மாட்டி, இன்னொரு சின்னக் கம்பியால் ஒரு பக்கத்துப் பட்டையோடு சேர்த்துவிட்டால் கைகள் இரண்டும் உடம்போரம் இயல்பாகத் தொங்கும்.

பிரேக்கும் கியரும்

முன்சக்கரம் இரண்டின் பிரேக்கையும் ஒரே லிவரில் இணைத்தால் இரண்டும் ஒரே அளவு பிடிக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கவ்வினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பின்சக்கரத்துக்குத் தனி லிவர். மழையில் ஓட்டவே செய்கிற வண்டி இது. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்காது என்பதால்தான் டிஸ்க் கேட்டேன். நிறுத்தியிருக்கும்போது உருளாமல் இருக்கப் பின் லிவரை இறுக்கிக் கட்ட ஒரு பட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கியரில் தாராளமாக இருங்கள், அதாவது லேசாக மிதிக்கிற கியர் பக்கம். முன்னால் 24 பல், பின்னால் 28 பல், 26 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு 6.4 கிலோமீட்டர். ஆளும் வண்டியும் 110 கிலோ என்றால், 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறுகிற சாலையில் இதற்குச் சுமார் 115 வாட் வேண்டும். பழகிய கால்களுக்கு அது முடியும். மூன்று சக்கரம் என்பதால் எவ்வளவு மெதுவாக ஏறினாலும் தள்ளாடாது. நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கிளம்பலாம். ஏற்றத்தில் சைக்கிளைவிட இது நல்லது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

செயின் இரண்டரை மடங்கு நீளம் வேண்டும். சீட்டுக்கு அடியில் அதைத் தாங்க பேரிங் வைத்த ஒரு உருளை போதும். கால்சட்டையில் கிரீஸ் படாமல் இருக்க, செயினைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள்.

கூண்டு இல்லாமல் ஓட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிற இடம் இது. ஃபிரேம் ஓடத் தொடங்கியதும் உடனே கூண்டு கட்டாதீர்கள். சில வாரம் வெற்று வண்டியாகவே ஓட்டுங்கள். காலியான மைதானத்தில் வேண்டுமென்றே வேகமாக வளைத்து, எப்போது உள்சக்கரம் லேசாகிறது என்று உடம்புக்குத் தெரியவிடுங்கள். வெல்ட் விரிசல் விடுகிறதா என்று ஒவ்வொரு வாரமும் துடைத்துப் பாருங்கள். மூடிய பிறகு இதில் எதையும் பார்க்க முடியாது.

கூண்டு

எலும்புக்கூட்டுக்கு மெல்லிய அலுமினியக் குழாய், இல்லையென்றால் வயரிங் வேலைக்குப் பயன்படும் பிவிசி குழாய். தோலுக்கு இரண்டு பொருள் நம்ம ஊரில் எங்கும் கிடைக்கிறது. போர்டு எழுதுகிற கடைகளில் இருக்கும் சன்பேக் என்ற பிளாஸ்டிக் ஷீட் ஒன்று. ஃபிளெக்ஸ் பேனர் துணி இன்னொன்று.

சன்பேக் லேசானது, தண்ணீர் ஏறாது. உள்ளே ஓடுகிற வரிப்பள்ளத்தின் வாக்கில் சுலபமாக மடங்கும், குறுக்கே விறைப்பாக நிற்கும். வெட்டுவதற்கு முன் எந்தத் திசை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இதில் பசை ஒட்டாது. அகலமான வாஷர் வைத்து ரிவெட் அடிக்கலாம், அல்லது கேபிள் டை போட்டுக் கட்டலாம். வெயிலில் கிடந்தால் நாளடைவில் மொடமொடத்து உடையும் என்பதால், கழற்றி மாற்றும்படியே மாட்டுங்கள். ஃபிளெக்ஸ் துணியை ஆட்டோவுக்கு டாப் தைக்கிறவரிடம் கொண்டுபோங்கள். வளைந்த கம்பியின் மேல் துணியை இழுத்துத் தைப்பது அவருக்கு அன்றாட வேலை. மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று சொல்லிவிட்டால் மடிப்பை அதற்கேற்ற மாதிரி போட்டுத் தருவார்.

கட்டுகிற வரிசை இது. முதலில் கூரை. சன்பேக் ஒரு அடுக்கு, அதற்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு வெள்ளை ஃபிளெக்ஸ் ஒரு அடுக்கு. மேலடுக்கு வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும், தலைக்கு மேல் அனல் இறங்காது. அடுத்தது மூக்கு: பாதத்துக்கு முன்னால் எதிர்க்காற்றையும் சாலைத் தண்ணீரையும் தடுக்கிற பகுதி. பக்கங்களை இடுப்பு உயரத்துக்கு மேல் திறந்தே விடுங்கள். மழை வந்தால் சுருட்டி இறக்குகிற திரை போதும். ஒருவர் 100 வாட் மிதிக்கும்போது அவர் உடம்பு அதைப் போல மூன்று நான்கு மடங்கு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. முழுக்க மூடிய கூண்டில் மழையில் நனையாமல் போய் வியர்வையில் நனைந்து இறங்குவீர்கள். மூக்கில் கால் பக்கம் ஒரு காற்றுத் துளையும், தலைக்குப் பின்னால் அதைவிடப் பெரிய வாயும் கட்டாயம் வேண்டும்.

முன்கண்ணாடியைக் கண்ணுக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். மழைத்துளியும் மூச்சு ஆவியும் படிந்தால் எதிரே எதுவும் தெரியாது. வைப்பர் மாட்டினாலும் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். விளிம்பு தாடை உயரத்தில் நிற்கட்டும், பார்வை அதற்கு மேலாகப் போகட்டும். கூரையின் முன்விளிம்பு ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தால் சாதாரண மழை முகத்தில் அடிக்காது.

ரோட்டில்

மஞ்சள் அல்லது வெள்ளை நிறம், இரு பக்கமும் பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடி, பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, லாரிக்கு ஒட்டுகிற ஒளிரும் பட்டை, கூரைக்கு மேல் ஒரு கொடி. இவற்றில் ஒன்றையும் விடாதீர்கள். பக்கக்காற்று பலமாக அடிக்கும்போது திரையைச் சுருட்டிவிடுங்கள். காற்று உள்ளே புகுந்து வெளியே போனால் வண்டி அவ்வளவாகத் தள்ளப்படாது. பஸ் முந்தும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடியுங்கள்.

இடி இடித்தால் ஓட்டாதீர்கள். பிளாஸ்டிக் கூண்டு மின்னலைத் தடுக்காது. சாலையோரப் புளியமரத்தடியிலும் நிற்காதீர்கள். பஸ் நிறுத்தக் கட்டடமோ கடையோ பார்த்து ஒதுங்குங்கள். சாலையில் தண்ணீர் ஓடினால் அடியில் இருக்கிற குழி தெரியாது. முன்சக்கரம் இரண்டில் ஒன்று விழுந்தாலும் வண்டி சாயும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

கூண்டின் அடித்தட்டில் நான்கைந்து துளை போட்டுவிடுங்கள், உள்ளே வந்த தண்ணீர் வடியட்டும். பின்சக்கரத்துக்குப் பஞ்சர் போட வசதியாக ஒரு பலகையைத் திருகாணியில் மாட்டுங்கள், ரிவெட் அடிக்க வேண்டாம். மழையில் போய் வந்த அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஹெட் டியூப் பேரிங்கை மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் புது கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.